பட்டியலில் இல்லாத ஊர்



ஊருக்கே சோறு போட்ட ஆலை ஒரு நாள் மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த ஊரை எப்படித் தூக்கி நிறுத்துவது? இன்றைய பேச்சின் பொருள் அதுதான். 'ஆலையைப் பற்றிக் கோயம்புத்தூரில் பேசலாம், தூத்துக்குடியில் பேசலாம். நெல் விளைகிற தஞ்சையில் இதற்கு என்ன வேலை?' என்று சிலருக்குத் தோன்றும். தோன்றட்டும். தமிழ்நாட்டிலேயே இந்தக் கேள்வியை முதலில் சந்தித்த ஊர்களில் ஒன்று இந்தக் காவிரிப் படுகையில்தான் இருக்கிறது. அதன் பெயர் நாகப்பட்டினம். அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கடல் வாசல்.

1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது. அடுத்த ஆண்டு அது திருச்சிராப்பள்ளியைத் தொட்டது. மதுரைக்கும் நெல்லைக்கும் தண்டவாளம் போவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே நாகையில் எஞ்சின் ஊதியது. அந்த ரயிலை ஓட்டிய கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனிக்குத் தலைமையிடமே நாகப்பட்டினம்தான். 1874இல் அது இன்னொரு கம்பெனியோடு இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆயிற்று. பிறகு தலைமை அலுவலகம் திருச்சிக்குப் போயிற்று. ஆனால் பட்டறை நாகையிலேயே நின்றது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற கொல்லரும் ஃபிட்டரும் கடைசல்காரரும் தச்சரும் நிறைந்த பட்டறை அது. அப்பன் பட்டறையில் இருந்தால் மகனும் பட்டறைக்குப் போவான். ஊரின் வாழ்க்கை அப்படி அமைந்துவிட்டது.

1920களில் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. திருச்சிக்குப் பக்கத்தில், பொன்மலை அடிவாரத்தில், புது எந்திரங்களோடு ஒரு பெரிய பட்டறை கட்டுவது. நாகையிலும் போத்தனூரிலும் இருந்த வேலைகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது. கணக்குப் பார்த்தால் குறை சொல்ல முடியாத முடிவுதான். திருச்சி நடுவில் இருக்கிறது, நாகை ஒரு ஓரத்தில் இருக்கிறது. புது எந்திரம் வந்தால் ஆள் குறைவாகப் போதும். ஆகவே 1928இல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் உபரி என்று கம்பெனி அறிவித்தது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்யக் கைத்திறன் சோதனை வைத்தது. இருபது வருஷம் சம்மட்டி பிடித்தவனைக் கூப்பிட்டு, உனக்குச் சம்மட்டி பிடிக்கத் தெரியுமா என்று கேட்டது.

விடுவார்களா? 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் வெடித்தது. பத்து நாளுக்கு மேல் ரயில் ஓட்டமே தடுமாறியது. தலைமை தாங்கியவர்களில் ஒருவர் சிங்காரவேலர். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. அவரையும் அவரோடு தலைமை தாங்கிய முகுந்தலால் சர்க்காரையும் கைது செய்து பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. வேலைநிறுத்தம் தோற்றது. அந்த ஆண்டுகளிலேயே பட்டறை பொன்மலைக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தப் போராட்டத்தைத் தொழிற்சங்க வரலாறு எழுதியவர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் எதைப் பற்றி எழுதினார்கள்? சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். கம்பெனியும் அவர்களைத்தான் எண்ணியது. சங்கமும் அவர்களைத்தான் எண்ணியது. அரசாங்கமும் அவர்களைத்தான் எண்ணியது.

பட்டறைக் கூலியை நம்பி வீடு வாடகைக்கு விட்டவர் அந்தப் பட்டியலில் உண்டா? இல்லை. மாதக் கணக்கில் பலசரக்கு கடன் கொடுத்தவர்? அவரும் இல்லை. விடியற்காலை ஷிஃப்டுக்கு இட்லி சுட்டு விற்றவர், வேட்டி வெளுத்தவர், பட்டறைப் பிள்ளைகளை நம்பித் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தியவர்? ஒருவரும் இல்லை. பட்டறைத் தொழிலாளிக்குப் பொன்மலைக்குப் போகும் வாய்ப்பாவது இருந்தது. இவர்களை எந்தப் பொன்மலை கூப்பிடும்?

இன்று பொன்மலைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பாருங்கள். காய்கறி, கருவாடு, கோழி, பழைய இரும்பு, எல்லாம் குவிந்து கிடக்கும். ரயில்வே குடியிருப்பின் சம்பளப் பணத்தைச் சுற்றி வளர்ந்த சந்தை அது. ஒரு பட்டறை இடம் மாறும்போது தன்னோடு ஒரு சந்தையையே கொண்டுபோகிறது. கொண்டுபோன இடத்தில் சந்தை கண்ணுக்குத் தெரிகிறது. விட்டுப்போன இடத்தில் அது எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

1901 மக்கள்தொகைக் கணக்கில் நாகூரையும் சேர்த்து நாகப்பட்டினம் நகராட்சியில் 57,190 பேர். 2011இல் 1,02,905 பேர். நூற்றுப்பத்து ஆண்டில் ஊர் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. அதே காலத்தில் திருச்சி 1,04,721இலிருந்து எட்டரை லட்சத்தை நெருங்கியது. இதற்கெல்லாம் பட்டறை ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அது பொய். ஆனால் பட்டறைக்கு இதில் பங்கே இல்லை என்றால் அதுவும் பொய்தான்.

நாகையின் கஷ்டம் அதோடு முடியவில்லை. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய துறைமுகம் அது. கங்காணிகள் கூட்டிவந்த குடும்பங்கள் நாகை முகாமில் தங்கித்தான் கப்பல் ஏறின. 1938இல் கூலியாட்களை அப்படி அனுப்புவதற்கு இந்திய அரசு தடை போட்டது. தடை சரியானதுதான், தோட்டத்தில் பட்ட பாடு அப்படி. ஆனால் முகாமையும் சத்திரத்தையும் நம்பிய பிழைப்பு என்ன ஆயிற்று? அதன் பிறகும் பயணிகள் கப்பல் இருந்தது. 'ரஜூலா' என்றால் இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த கப்பல். அது ஓய்ந்தபின் 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் நடுக்கடலில் தீப்பிடித்தது, பயணிகள் பலர் மாண்டார்கள், அந்தப் போக்குவரத்தே முடிந்துபோயிற்று. நாகையில் பெரிய கப்பல் கரையோடு அணையாது. தள்ளி நங்கூரம் போடும். ஆளையும் மூட்டையையும் படகில்தான் ஏற்றி இறக்க வேண்டும். அந்தப் படகுக்காரர் கப்பல் கம்பெனியின் ஆளா? மூட்டை தூக்கியவர்? பயணிகளுக்கு அறை கொடுத்தவர்? பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லை!

சரி, இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். அப்படியானால் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு நடை போய்வருவோம்.

பாபநாசம் வட்டம், திருமண்டங்குடி. திரு ஆரூரான் சர்க்கரை ஆலை அங்கே இருந்தது. அரைவைப் பருவத்தில் அந்தச் சாலையில் போனவர்களுக்கு நினைவிருக்கும். கரும்பு ஏற்றிய டிராக்டரும் லாரியும் வரிசை கட்டி நிற்கும், ஊர் முழுக்கப் பாகு வாசனை அடிக்கும். ஒரு சர்க்கரை ஆலை எத்தனை பேருக்கு வேலை தருகிறது என்று கேட்டால் கேட்டுக்குள் போகிறவர்களின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். அதுவா கணக்கு?

கரும்பு போடுகிற விவசாயி ஆலையில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பகுதிக் கரும்பு அந்த ஆலைக்குத்தான் என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். நட்ட கரும்பு முதிரப் பத்து மாதமாவது ஆகும், மறுதாம்பு விட்டால் அடுத்த வருஷமும் அதே வயல், அதே ஆலை. வெட்டுவதற்கு ஆலை உத்தரவு தர வேண்டும். உத்தரவு வந்ததும் மேஸ்திரி ஆட்களைக் கூட்டிவருவார். வெளிமாவட்டத்திலிருந்து பிள்ளைகுட்டியோடு வந்து வயலோரம் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். வெட்டிய கரும்பு கிடந்தால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். ஆகவே உடனே வண்டி வேண்டும். வண்டிக்கு டிரைவர், கிளீனர், டயர் பஞ்சர் ஒட்டுகிறவர், டீசல் பங்க், ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் டீக்கடை. எடைமேடையில் எடை போட்ட பிறகுதான் விவசாயிக்கு மூச்சு வரும். பணம் அதற்கும் பிறகு. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, பதினான்கு நாளுக்குள் பணம் தரவேண்டும், தாமதித்தால் வட்டி தரவேண்டும் என்கிறது. இந்த அரங்கில் கரும்பு போட்டவர்கள் யாராவது இருந்தால் அந்தப் பதினான்கு நாள் எப்போது முடிந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லுங்கள்.

அந்த ஆலை 2010களின் பிற்பகுதியில் நின்றது. கரும்புக்குத் தரவேண்டிய பாக்கி நின்றது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தங்கள் பெயரில், தங்களுக்கே தெரியாமல், வங்கிகளில் கடன் வாங்கப்பட்டது என்பது அந்த விவசாயிகளின் குற்றச்சாட்டு. கரும்புப் பணம் வரவேண்டிய வீட்டுக்கு வங்கி நோட்டீஸ் வந்தது. ஆலை திவால் நடைமுறைக்குப் போய் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2022 நவம்பர் 30ஆம் தேதி ஆலை வாசலில் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. மழைக்கும் வெயிலுக்கும் பந்தலுக்கடியில், கிழவர்கள்.

ஏன் இவ்வளவு நீண்டது? 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு. நொடித்த நிறுவனத்தின் சொத்தைக் கலைத்துப் பங்கு போட்டால், நடைமுறைச் செலவு முதலில் கழியும். அடுத்து, ஈடு பிடித்துக் கடன் கொடுத்த வங்கியும் தொழிலாளியின் இரண்டாண்டுச் சம்பள பாக்கியும் ஒரே வரிசையில் நிற்கும். சரக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் பின்னால் நிற்பார். கரும்பு கொடுத்தவர் சட்டத்தின் கண்ணில் சரக்குக் கொடுத்தவர். பேப்பரும் பேனாவும் சப்ளை செய்த கம்பெனிக்கும், ஒரு வருஷம் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சிக் கரும்பு வளர்த்தவருக்கும் ஒரே வரிசை! விவசாயியாவது வரிசையில் பின்னால் நிற்கிறார். வெட்டுக் கூலி வரிசையிலேயே இல்லை. டீக்கடைக்காரரை எவரும் கூப்பிடவே இல்லை.

மயிலாடுதுறைப் பக்கம் தலைஞாயிறு கூட்டுறவு சர்க்கரை ஆலையும் அதே காலத்தில்தான் நின்றது. திருமண்டங்குடியில் இருந்தது தனியார் ஆலை, இது கூட்டுறவு ஆலை. உரிமையாளர் யாராக இருந்தாலும், சுற்றுவட்டாரத்துக்கு வந்த கதி ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆக, இன்று இங்கே சொல்ல வந்தது இதுதான். ஆலை மூடினால் உதவி சம்பளப் பட்டியலைப் பார்த்துப் போகிறது. ஊரோ பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் ஆலை மூடும்போது ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் என்று ஈட்டுத்தொகை வகுத்தது. அதை வாங்கித் தரவே தொழிற்சங்கம் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது, அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்தத் தொகையும் பட்டியலில் இருந்தவருக்குத்தான். ஒப்பந்தக்காரரின் ஏட்டில் மட்டும் பெயர் இருந்தவருக்கு அது கிடைப்பது அபூர்வம். ஏட்டிலேயே பெயர் இல்லாதவருக்குக் கேட்பதற்கும் வழி இல்லை.

கேட்டைப் பூட்டி, நோட்டீஸ் ஒட்டினால்தான் மூடல் என்று நினைக்கிறோம். ஒரு நோட்டீசும் ஒட்டாமல் மூடிய வேலைத்தலம் ஒன்று இந்தப் படுகையில் இருக்கிறது. எது தெரியுமா? நம் வயல்தான்! அறுப்பு மிஷின் வந்தது. நேரடி விதைப்பு வந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் கும்பல் கும்பலாகப் போன பெண்களுக்கு வேலை நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. விவசாயியைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது, ஆள் கிடைக்கவில்லை என்று அவரும் புலம்புகிறார். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்க முடியாமல் போகிற ஆண்டில் குறுவைச் சாகுபடி சுருங்கிப்போகும். அப்போது நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் பற்றிப் பேச்சாவது எழும். நடவு நட்டவருக்கு? அவர் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறார். மூடப்பட்ட வேலைத்தலம் என்று எந்த ஏட்டில் இதை எழுதுவது?

பேரிடர் வந்தாலும் இதே கதைதான். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையை இங்கே எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள். உலகமே உதவிக்கு ஓடிவந்தது, நாகை கண்ட உதவியை இந்தியாவில் வேறு ஊர்கள் கண்டது அரிது. தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்க ஒரு மையமே சில நாட்களில் உருவாயிற்று. அந்தக் காலத்தில் அதிகாரிகளும் தொண்டர்களும் செய்தது பெரிய வேலை. ஆனாலும் முதலில் உதவி யாருக்குப் போயிற்று? படகு வைத்திருந்தவருக்குப் படகு கொடுத்தார்கள். சில குப்பங்களில் தேவைக்கு மேலேயே ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. படகில் கூலிக்குப் போனவர், தலைச்சுமையாக மீன் விற்ற பெண், வேதாரண்யம் உப்பளத்தில் உப்பு வாரியவர், கடல் நீர் ஏறிய வயலில் நடவு நட்டு வாழ்ந்த தலித் குடும்பங்கள், இவர்கள் பட்டியலுக்குள் வர நாளாயிற்று, மனு மேல் மனு எழுத வேண்டியிருந்தது. இழந்த பொருளுக்கு ரசீது காட்ட முடிந்தவருக்கு உதவி சீக்கிரம் போனது. இழந்தது கூலி என்றால் ரசீது ஏது?

உப்பேறிய வயல்களைச் சொல்லும்போது இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரைச் சொல்லாமல் போகக்கூடாது. தஞ்சை மாவட்டத்து இளங்காடுதான் அவர் பிறந்த ஊர். இந்த மண் இனி பல வருஷத்துக்குத் தேறாது என்று பலர் கைவிரித்தபோது, பசுந்தாள் உரமும் மட்கு உரமும் கொண்டு மண்ணை மீட்கலாம் என்று நாகைக் கிராமங்களில் விவசாயிகளோடு இறங்கி வேலை செய்தார். அந்த முறையில் ஒரு நல்ல அம்சம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. அதற்கு வெளியிலிருந்து வரவேண்டிய எந்திரம் குறைவு, உள்ளூர்க் கை அதிகம். நிலம் மீள்வதும் கூலி கிடைப்பதும் ஒரே வேலையாயிற்று.

சற்றே வெளியூரும் போய் வருவோம்.

கோலார் தங்கவயல். பெயர்தான் கர்நாடகம், சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் வட ஆர்க்காட்டுத் தமிழர். காவிரிக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் போனது தங்கவயலுக்குத்தான். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. ஊர் செத்துவிட்டதா? சாகவில்லை. விடியற்காலை ரயிலில் ஏறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போய், ராத்திரி திரும்பி வந்து, அந்த ஊர் பிழைத்துக் கிடக்கிறது. எந்தத் திட்டமும் காப்பாற்றவில்லை, ரயில் காப்பாற்றியது. பக்கத்தில் பெங்களூரு இருந்ததால் இது நடந்தது. திருமண்டங்குடிக்குப் பக்கத்தில் எந்த பெங்களூரு இருக்கிறது?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 2006இல் தொடங்கிய ஆலை 2014 நவம்பர் 1இல் நின்றது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். பிறகு சால்காம்ப் நிறுவனம் அதே வளாகத்தை எடுத்து, 2020இல் சார்ஜர் செய்ய ஆரம்பித்தது. 'பாருங்கள், ஆலை மீண்டது' என்றார்கள். ஆலை மீண்டது உண்மை. இருபத்திரண்டு வயதில் வேலை இழந்த பெண்ணுக்கு அப்போது இருபத்தெட்டு. கல்யாணமாகி, செய்யாறிலோ திருவண்ணாமலையிலோ கைக்குழந்தையோடு இருந்திருப்பார். கட்டடம் மீள்வதையும் ஆட்கள் மீள்வதையும் தனித்தனியாகத்தான் எண்ண வேண்டும்.

இன்னும் தூரம் போனால் ஆஸ்திரியா. மாரியெந்தால் என்று ஒரு சிற்றூர், ஒரே ஒரு நெசவாலை. 1929–30இல் ஆலை மூடியது. மரி யஹோதா முதலிய இளம் ஆய்வாளர்கள் அங்கே போய் 478 குடும்பங்களின் வாழ்க்கையைப் பதிவு செய்து 1933இல் புத்தகமாக்கினார்கள். சம்பளப் பட்டியலைப் பார்த்து அவர்கள் எண்ணவில்லை, வீடு வீடாகப் பார்த்து எண்ணினார்கள். குழந்தைகள் மதியத்துக்கு என்ன கொண்டு வருகிறார்கள் என்று பார்த்தார்கள். தெருவில் ஆண்கள் எவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்பது இரண்டே ஆண்டில் ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. நேரம் நிறைய இருந்தும் படிக்க மனம் இல்லை. தொண்ணூறு ஆண்டு கழித்து, 2020இல், அதே ஊரில் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஓராண்டாக வேலை இல்லாதவர் எவராக இருந்தாலும், விரும்பினால் சம்பளத்தோடு வேலை உண்டு என்றார்கள். ஊரின் தேவையையும் ஆளின் கைத்திறனையும் பொருத்தி வேலையைத் தேடினார்கள். யார் முன்பு எந்த ஆலையில் இருந்தார் என்ற கேள்வியே எழவில்லை.

இது நமக்குப் புதிதா என்ன? 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் நாட்டில் இருநூறு மாவட்டங்களில் தொடங்கியபோது, தமிழ்நாட்டின் ஆறு மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. கேட்டவருக்கு வேலை, ஆலைக்காரரா அல்லாதவரா என்ற பேச்சு கிடையாது. அதில் ஆயிரம் ஓட்டை இருந்தது, அதைப் பேச இன்னொரு மாலை வேண்டும். ஆனாலும் எண்ணாதவரை எண்ணிய திட்டம் அது.

எண்ணாதவரை எண்ணுவதில் தஞ்சை மண் முன்னோடியும்கூட. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன் பண்ணையாளைச் சட்டம் கண்டுகொண்டதா? அவருக்கு எழுத்தில் உரிமை ஏது? 1969இல் குத்தகைதாரர் உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. வாய்வார்த்தையில் உழுதவர் பெயர் முதன்முறையாகத் தாலுகா அலுவலக ஏட்டில் ஏறியது. முழுதும் ஏறியதா? ஏறவில்லை. இன்றைக்கும் வாய்மொழிக் குத்தகை நிறைய உண்டு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டாவும் அடங்கலும் கேட்கும்போது குத்தகைக்காரர் யார் பெயரில் நெல்லைப் போடுவது என்று திண்டாடுகிறார். ஆனால் ஏட்டில் ஏறியவருக்கும் ஏறாதவருக்கும் என்ன வித்தியாசம் என்பது டெல்டாக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் அதில் வாழ்ந்தவர்கள்.

2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டமும் அந்த வழியில்தான் வந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் பாதிக்கப்பட்டவர் இல்லை என்று அது சொல்கிறது. அந்த நிலத்தை நம்பி மூன்றாண்டாக வாழ்ந்த குத்தகைதாரர், வாரதாரர், விவசாயக் கூலி, கைவினைஞர் எல்லோரும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். நாகைக்குப் பக்கத்தில் பனங்குடியில் இது சோதனைக்கு வந்தது. 1993இல் தொடங்கிய காவிரிப் படுகை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 2019இல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் ஆண்டுக்குத் தொண்ணூறு லட்சம் டன் சுத்திகரிக்கும் புது ஆலை வருகிறது என்று 2021இல் அடிக்கல் நாட்டினார்கள். நிலம் எடுத்தார்கள். நிலத்துக்குப் பணம் கிடைத்தால் போதுமா, மறுவாழ்வுத் தொகை எங்கே என்று கேட்டு அந்தக் கிராமங்களில் போராட்டம் நடந்தது. குத்தகைதாரரும் விவசாயக் கூலிகளும் அதில் நின்றார்கள். எந்த உரிமையில் நின்றார்கள்? அவர்கள் பெயரைச் சொல்லும் சட்டம் ஒன்று இருக்கிறது என்ற உரிமையில்.

நிலம் எடுத்தால் கூலிக்காரருக்கும் கணக்கு உண்டு என்று சட்டம் எழுத முடிந்தது. ஆலை மூடினால் மட்டும் ஏன் எழுத முடியாது? மூடுவதற்கு முன் சுற்றுவட்டாரக் கணக்கெடுப்பு ஒன்று எடுக்க வேண்டும் என்று ஏன் சொல்ல முடியாது? கரும்புப் பாக்கி போன்ற சிறு பாக்கிகளை வங்கிக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும் என்று ஏன் சொல்ல முடியாது? வங்கி மூன்றாண்டு காத்திருந்தாலும் வங்கிதான். மூன்று ஏக்கர்க்காரர் மூன்றாண்டு காத்திருந்தால் அந்த ஏக்கரே கைமாறிப் போகும்.

மாற்று வேலை கொண்டுவருகிறோம் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெரிய ஆலை போனால் இன்னொரு பெரிய ஆலை என்பதுதான் எப்போதும் கிடைக்கிற வாக்குறுதி. அது வர பத்து வருஷம் ஆகும், வந்தாலும் கேட்டுக்குள் போகிற ஆள் வேறு. நாகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் மாவட்டத் தலைநகரானது, அலுவலகங்கள் வந்தன. 2012இல் மீன்வளப் பல்கலைக்கழகம் வந்தது. 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள், சில நாளில் நிறுத்தி, அடுத்த ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். எல்லாமே நல்லவைதான். 2022இல் மருத்துவக் கல்லூரி வந்ததும் மிக நல்லது. ஆனால் அதை ஒரத்தூரில் கட்டினார்கள். ஊருக்குள் இருந்த மருத்துவமனையின் சேவைகள் அங்கே போனபோது நாகைக்காரர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். நோயாளியின் சிரமம் ஒரு பக்கம். மருத்துவமனை வாசலில் மருந்துக்கடை, சாப்பாட்டுக் கடை, ஆட்டோ ஸ்டாண்டு என்று பிழைத்தவர்கள் இன்னொரு பக்கம். வந்த வேலைத்தலத்தை ஊருக்கு வெளியே வைத்தால், ஊருக்கு அதுவும் ஒரு மூடல்தான்.

அதனால் கேட்க வேண்டியது: புது வேலை ஊரிலிருந்து எத்தனை தூரம்? நாற்பத்தைந்து வயது வெட்டுக் கூலி அதில் சேர முடியுமா? எட்டாம் வகுப்போடு நின்ற பெண்ணுக்கு அதில் இடம் உண்டா? ஆலையின் பழைய பட்டறையை, கடைசல் எந்திரங்களை, எடைமேடையை ஊர் பயன்படுத்திக்கொள்ள விடுவார்களா, அல்லது பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்களா? நாகைப் பட்டறையின் கைத்திறன் பொன்மலைக்குப் போன மாதிரி, இருக்கிற ஃபிட்டரும் எலெக்ட்ரீஷியனும் முதல் ஆறு மாதத்தில் ஊரை விட்டுப் போய்விடுவார்கள். அவர்களை நிறுத்திவைக்க அந்த ஆறு மாதத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ஏழாவது மாதம் வருகிற மந்திரிக்கு மாலை போட மட்டும்தான் ஆள் இருக்கும்.

இப்போது ஒரு வேலையைச் சொல்லி இடம் விடுகிறேன். புதுக்கோட்டை சாலையில், குறுங்குளத்தில், அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலை நிற்கிறது. அரசு ஆலை, திருமண்டங்குடியும் நின்ற பிறகு இந்த வட்டாரத்துக் கரும்புக்கு நம்பிக்கை அதுதான். அதை மூடப்போகிறார்கள் என்று எவரும் சொல்லவில்லை, அப்படி ஒரு வதந்தியை இந்த மேடை கிளப்பிவிட்டது என்று நாளைக்கு யாரும் பேச வேண்டாம். அது நன்றாக அரைக்கட்டும். ஆனால் ஆலை ஓடுகிறபோது எடுக்கிற கணக்குதான் நேர்மையான கணக்கு. நின்ற பிறகு எடுத்தால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். அடுத்த அரைவைப் பருவத்தில், இங்கே இருக்கிற கல்லூரி மாணவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அந்த ஆலையின் சுற்றுவட்டாரத்துக்குப் போகலாம். பதிவு செய்த விவசாயிகளின் எண்ணிக்கை ஆலையிலேயே இருக்கும், அதை விடுங்கள். வெட்டுக் கும்பல்கள் எத்தனை, எந்த ஊரிலிருந்து வருகின்றன, வண்டிகள் யாருடையவை, எந்தக் கடை பருவத்தில் மட்டும் திறக்கிறது, யார் யாருக்கு எவ்வளவு கடன் நிற்கிறது, இதை எழுதுங்கள். எழுதியதை கிராம சபையில் வாசித்து, விட்டுப்போன பெயரைச் சேர்த்து, ஒரு பிரதியைக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யார் வருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் மேடைப்பக்கம் வந்து பெயர் கொடுங்கள். கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம்.